கோப்பை உண்டு, கூலி இல்லை: ஆல்தியா கிப்சனின் இரண்டு ஆட்டங்கள்



நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இன்று ஒரு விளையாட்டு வீராங்கனையைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். டென்னிசில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பர், பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் ஆடிய முதல் கறுப்புப் பெண், இருவரும் ஒருவரே: ஆல்தியா கிப்சன்.

1927இல் தெற்குக் கரோலினாவில், வாரத்துக்குப் பருத்தி விளைவித்த குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் பிழைக்கப் போனது. அங்கே தெருவை மறித்துச் சிறுவர்களை ஆடவிடுவார்கள். மட்டையைப் பிடித்தது அங்கேதான். கறுப்பர்கள் தங்களுக்கென நடத்திய டென்னிஸ் சங்கத்தில் 1947 முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அவரே சாம்பியன்.

ஆனால் தேசியப் போட்டியில் நுழைய வெள்ளையர் கிளப்புகளின் போட்டிகளில் வென்றிருக்க வேண்டும். அந்தக் கிளப்புகளோ அழைக்கமாட்டா. ‘தடை எதுவும் இல்லை, தகுதிதான் இல்லை’ என்கிற இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1950இல் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைக்காரப் பெண் டென்னிஸ் பத்திரிகை ஒன்றில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய பிறகே ஃபாரஸ்ட் ஹில்ஸ் திறந்தது. இரண்டாம் சுற்றில், அப்போதைய விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரவுவை மூன்றாவது செட்டில் 7–6 என முந்தி நின்றார். இடிமழை வந்தது. மறுநாள் ஆட்டம் கைநழுவியது.

1955 முடியும் தறுவாயில் அமெரிக்க அரசு அவரை ஆசியச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது, இந்தியாவுக்கும் வந்தார். மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புச் சிறுவனைக் கொன்ற வெள்ளையர்களை நடுவர் குழு விடுவித்து, உலகத்தின் முன் அமெரிக்கா தலைகுனிந்திருந்த நேரம் அது. அரசுக்கு ஒரு கறுப்பு முகம் தேவைப்பட்டது.

1956இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும். எலிசபெத் ராணி கையால் கோப்பை, நியூயார்க்கில் ஊர்வலம். அடுத்த சில நாட்களில் சிகாகோ பக்கம் ஆடப் போனவருக்கு ஓட்டலில் அறை தர மறுத்தார்கள்.

இதைவிட எனக்கு உறைப்பது வேறொன்று. அன்றைய டென்னிஸ் ‘அமெச்சூர்’ ஆட்டம், பரிசுப்பணம் கிடையாது. கோப்பை உண்டு, கூலி இல்லை. வீட்டில் சொத்து இருப்பவர்கள் வகுத்த விதி அது. உலகின் முதல் வீராங்கனைக்கு வாடகை கட்டப் பணமில்லை. ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய், அவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் கண்காட்சி டென்னிஸ் ஆடினார்.

கோல்ஃபுக்குப் போனது அதன் பிறகு. 1964இல், 37 வயதை எட்டும்போது, தொழில்முறைச் சுற்றில் சேர்ந்தார். புல்தரையில் ஆடலாம், கிளப் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்றன சில கிளப்புகள். காரில் உட்கார்ந்து காலணி மாற்றினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஆடியும் ஒரு பட்டம்கூட இல்லை. 1970இல் ஒருமுறை இரண்டாமிடத்தைப் பகிர்ந்ததே உச்சம். கோல்ஃபில் அவர் தோற்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாதி வயதில் புது ஆட்டம் கற்று, காரில் உடைமாற்றிக்கொண்டு, அந்த உயரத்தில் நின்றவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனத்தின் கொடியைத் தான் சுமக்கவில்லை என்று அவர் சொல்லிவந்ததைக் கறுப்பினப் பத்திரிகைகள் கண்டித்தன. கோபம் நியாயமானதுதான். ஆயினும் வென்றவர் எல்லாருக்காகவும் பேசியே தீர வேண்டும் என்ற சுமையை வெள்ளை வீராங்கனை எவர் தலையிலும் யாரும் ஏற்றவில்லை. இந்த இடத்தில் நான் ஆல்தியா பக்கம்.

1990களில் நோயும் வறுமையும் சேர்ந்துகொண்டன. மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லாமல் அவர் தொலைபேசியில் அழைத்தது பழைய இரட்டையர் ஆட்டத் தோழி ஏஞ்சலா பக்ஸ்டனை. யூதர் என்பதால் கிளப்புகளின் புறக்கணிப்பை அவரும் அறிந்தவர். பக்ஸ்டன் முயற்சியில் டென்னிஸ் பத்திரிகையில் கடிதம் வெளியானது. பல நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. ஆல்தியா 2003இல் காலமானார். அமெரிக்க ஓப்பன் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தது 2019இல்.