தலையாட்டினா சம்மதமா?



எதிரணிச் சகோதரி, 'இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லா உரிமையும் தெரியும்'னு அடிச்சுச் சொன்னாங்க. உண்மைதாங்க! ரிமோட் யார் கையில இருக்கணும்கிற உரிமை ரொம்ப நல்லாத் தெரியும். (சிரிப்பு) ஆனா தலைப்பு அதில்லையே! ஆராய்ச்சியில் சேர்க்கும்போது 'மாட்டேன்'னு சொல்லலாம், பாதியில விலகலாம்னு தெரியுமா?

கம்மம் மாவட்டத்துக்கு வாங்க. அப்போ ஆந்திரா, இப்போ தெலங்கானா. 2009-இல், 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் சுமார் 14,000 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். ஊசியை நான் குறை சொல்லலீங்க, அது நல்ல ஊசிதான். சில பிள்ளைகள் இறந்தபோதும், விசாரித்த குழு ஊசிதான் காரணம்னு சொல்லவில்லை. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. அப்புறம் சம்மதப் படிவங்களைப் புரட்டினார்கள். பார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? விடுதி வார்டன்! இன்னும் 1,948-இல் கைநாட்டு. வார்டன் என்ன, பெத்தவரா? (கைதட்டல்) 2013-இல் பாராளுமன்றக் குழுவே இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தப் பிள்ளைகளை யார் கேட்டா? வார்டன் வரிசையில நில்லுன்னா நிக்கும், கையை நீட்டுன்னா நீட்டும். வகுப்பில வாத்தியார் 'புரிஞ்சுதா?'ன்னா, 'புரிஞ்சுது சார்'னு ஐம்பது குரல் வரும். பரீட்சைப் பேப்பரைத் திருத்தும்போதுதானே அவருக்கு விஷயம் தெரியும்! (சிரிப்பு) அந்தப் 'புரிஞ்சுது சார்'ஐத்தான் ஆராய்ச்சிக்காரங்க சம்மதம்னு எழுதிக்கிறாங்க.

விதி இருக்குங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில், பெற்றோர் சம்மதம் தனி, பிள்ளையின் இசைவு தனி. 7 முதல் 12 வயதுவரை வாயால் சொன்னால் போதும். அதற்குமேல் 18 வரை எழுத்தில் வேண்டும். தாளில் எல்லாம் அழகாத்தான் இருக்கு.

ஆனா 'வேண்டாம் சார்'னா மார்க் குறையாதுன்னு பிள்ளைக்கு யாருங்க சொன்னது? 'பெரியவங்க பேச்சைத் தட்டாதே'ன்னுதானே வளர்க்கிறோம்! தட்டச் சொல்லலீங்க, கேட்கச் சொல்றேன். இது எதுக்கு? வலிக்குமா? நடுவுல நிறுத்தலாமா? என் பேரை வெளியில சொல்வீங்களா? இந்த நாலையும் கேட்ட ஒரு பிள்ளையை எதிரணி இந்த மேடைக்குக் கூட்டிட்டு வரட்டும், நானே அந்தப் பக்கம் போய் உட்கார்றேன். மணியை அடிச்சிடாதீங்க ஐயா, முடிச்சிட்டேன். (கைதட்டல்)