சிரைக் குழாயும் இரத்த உறைவும்: கருத்தரங்கத் தலைமை உரை



1928-இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் க்ஷயரோகிகளுக்கெனச் சானடோரியம் கண்ட தாம்பரத்தில், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு வெகு தொலைவில்லாத இவ்விடத்தில், நெடுநாள் வைத்தியத்தின் சங்கடங்களை ஆராய நாம் கூடியிருப்பது பொருத்தமே.

1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் ஜெர்மானிய இளைஞர் தம் கைச்சிரை வழியே ஒரு மெல்லிய குழாயை இருதயம்வரை தாமே செலுத்திக்கொண்டபோது அதைச் சாகசமென்று கருதியோர் பலர். இன்றோ, சிறு சிரைகளைப் புண்ணாக்கும் வீரியமுள்ள மருந்துகளைப் பல மாதங்கள் ஏற்றவேண்டியிருப்பதால், மேற்கையில் செலுத்தும் பிக் லைனும் மார்புத் தோலின்கீழ்ப் புதைக்கும் கீமோ போர்ட்டும் புற்றுநோயாளர்க்கு நித்திய சகாயங்களாகிவிட்டன.

ஆயினும், ஓடும் வாய்க்காலில் நட்ட கழியைச் சுற்றி வண்டல் சேர்வதுபோல, சிரையினுள் கிடக்கும் குழாயைச் சுற்றி இரத்தம் உறையக்கூடும். ஓட்டத்தின் மந்தம், சிரைச் சுவரின் காயம், உறையும் சுபாவத்தின் மிகுதி என மருத்துவ அறிஞர் விர்ஹோவின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களும் இங்கு ஒருங்கே அமைகின்றன. புற்றுநோயே இரத்தத்தை உறையத் தூண்டுவதை மருத்துவர் ட்ரூஸோ 1865-இலேயே எடுத்துரைத்தார். போர்ட்டைவிடப் பிக் லைனில் இவ்வபாயம் அதிகம். குழாயின் நுனி மேற்பெருஞ்சிரை இருதயத்தோடு சேருமிடத்தை எட்டாமல் மேலேயே நின்றுவிட்டால் இன்னும் அதிகம்.

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. மருந்தேற்றிக்கொண்டு மின்சார ரயிலில் பெருங்களத்தூருக்கோ கூடுவாஞ்சேரிக்கோ திரும்பும் நோயாளியின் கை வீங்குவதையும், கழுத்து வலிப்பதையும், மார்பில் சிரைகள் புடைப்பதையும் முதலில் காண்பவர் நிபுணரல்லர், வீட்டாரே. ஒருக்களித்துப் படுத்ததால் வந்த வீக்கமென்று தைலம் தடவி அவர்கள் வாளாவிருக்கும் நாட்களில் உறைவு வளர்கிறது. சில சமயம் நுரையீரலையும் சென்றடைகிறது. அதே வீக்கத்தை டாப்ளர் ஸ்கேனில் உரிய காலத்தில் கண்டுவிட்டால், குழாய் செவ்வனே இயங்கி, தொற்றில்லாது, தேவையும் நீடிக்குமாயின் அதை அவசரமாக அகற்றவேண்டியதில்லை. உறைவெதிர் மருந்தைக் குறைந்தது 3 மாதமும், குழாய் அதன்பின்னும் இருக்குமாயின் பொதுவாக அதை அகற்றும்வரையிலும், தட்டணுக்களைக் கவனித்துக்கொண்டே கொடுத்தல் வேண்டும். எனினும், இரத்தக்கசிவின் அபாயம் கருதி, வருமுன் காக்கவென்று இம்மருந்தைக் குழாயுள்ளோர் யாவர்க்கும் வழங்குவதைச் சாஸ்திரம் ஆதரிக்கவில்லை. அதனாலேயே, விழிப்புடன் நோக்குதல் இன்றியமையாததாகிறது.

ஆகவே, எந்தக் குழாயைத் தேர்வது, நுனியை எங்கே நிறுத்துவது என்பவற்றோடு, வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளிக்கு எதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது, வீக்கம் கண்டால் இரவிலும் யாரை அழைப்பது என்பவற்றையும் முடிவு செய்யாமல் இச்சபை கலையலாகாது என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.