எல்லைச் சாவடியும் இரண்டு கஜானாக்களும்



பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, நெம்மாறை வழியாகத் திருச்சூருக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் கோவிந்தாபுரம் இருக்கிறது. முதலமடை மாந்தோப்புகளுக்கு அண்மையில், தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரின் பெயரை வெளியூர்க்காரர்கள், விசேஷமாக லாரி ஓட்டுகிறவர்கள், அறிந்திருந்தது அங்கிருந்த வரிச் செக்போஸ்டினால்தான். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லை நெடுகிலும் இருந்த சாவடிகளுள் அதுவும் ஒன்று. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. வண்டிகளையும் மதுவையும் கால்நடைகளையும் சோதிக்கும் இலாகாக்கள் மட்டும் எல்லையை விட்டு நகரவில்லை.

ஒரே தேசத்துக்குள் ஒரு மூட்டைத் துணி பக்கத்து ஊருக்குப் போவதை வழிமறிக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? வியாபாரம் இந்தியா முழுவதும் தடையின்றி நடைபெற வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 301ஆவது ஷரத்து கூறுகிறது. ஆனால் விற்பனை வரியோ மாகாணங்களின் சொத்தாக இருந்தது. அந்த வரி பிறந்த கதையும் கவனிக்கத்தக்கது. 1937இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, அதைப் பிற ஜில்லாக்களுக்கும் விரிவுபடுத்த உத்தேசித்தபோது, கள்ளும் சாராயமும் தந்துவந்த வருமானத்துக்கு ஈடு தேடி, 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. குடிக்கிறவன் செலுத்திவந்த வரியைக் குடிக்காதவனும் சேர்ந்து செலுத்த நேர்ந்தது என்று அதைக் குறை கூறலாம். குடிகாரன் வீட்டுப் பெண்டு பிள்ளைகளைக் கேட்டால் வேறு அபிப்பிராயம் கிடைத்திருக்கும்.

1956 நவம்பர் முதல் தேதி மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தினின்று பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தபின், கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே அதுவரை ஒரே சட்டத்தின்கீழ் நடந்துவந்த வியாபாரம் இரண்டு சட்டங்களுக்கு உட்பட்டது. எந்தச் சரக்குக்கு எந்தப் பக்கத்தில் வரி குறைவோ அந்தப் பக்கத்தில் வாங்கி, ரசீதில்லாமல் இரவோடிரவாக மறுபக்கத்தில் விற்பவனுக்கு லாபம். அவனைத் தடுக்கச் சாவடி. 2005 ஏப்ரலில் கேரளம் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியபோது தமிழ்நாடு மாறவில்லை. 2007 ஜனவரியில்தான் மாறியது. இடைப்பட்ட மாதங்களில் ஒரே தார்ச்சாலையின் இரு முனைகளில் இரண்டு வெவ்வேறு வரி சாஸ்திரங்கள் ஆட்சி புரிந்தன.

எல்லைச் சுங்கம் இந்தப் பிரதேசத்தில் நீக்கப்பட்டது இது முதல் தடவையன்று. பாலக்காட்டுச் சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியதாகவும், அதையொட்டிய பாலக்காடு பிரிட்டிஷ் மலபாராகவும், கிழக்கே கோயம்புத்தூர் ஜில்லாவாகவும் நிலம் துண்டுபட்டுக் கிடந்த காலத்தில், 1865இல், பிரிட்டிஷ் இந்திய சர்க்காரும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் உடன்படிக்கை செய்துகொண்டு தரைவழிச் சுங்கத்தைக் கைவிட்டன. சமஸ்தானங்கள் தங்கள் துறைமுகங்களில் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதங்களையே ஏற்றுக்கொண்டன. அதற்குப் பிரதியாக, அவற்றின் வருமான இழப்புக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் ஈட்டுத்தொகை தர ஒப்புக்கொண்டது. விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, நஷ்டஈட்டைப் பெற்றுக்கொண்ட பேரம் அது. முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று தலைமுறை தலைமுறையாகப் புகழ்கிறோம். தவிர்த்த சுங்கத்தின் இடத்தை எந்த வருமானம் நிரப்பியது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. 1865இன் திவான்கள் அதைக் கேட்டார்கள்.

2017இல் ராஜ்யங்களும் அதையே கேட்டன. புதிய வரி, பண்டம் உற்பத்தியாகும் இடத்தை விட்டு நுகரப்படும் இடத்தின் கஜானாவுக்குச் செல்வது. ஆலைகள் மிகுந்த தமிழ்நாடு இதைக் கண்டு அஞ்சியது; வெளியிலிருந்து வாங்கி உண்டு உடுத்தும் கேரளத்துக்கு இது அனுகூலம் என்று பலர் கணித்தனர். இருசாராருக்கும் பொதுவாக, 2015-16 வருமானம் ஆண்டுக்கு 14 சதவீதம் வளர்வதாகக் கொண்டு, அதில் குறைவதை ஐந்தாண்டுகள் ஈடுசெய்வதாக மத்திய சர்க்கார் உறுதியளித்தது. 2022 ஜூனுடன் அந்தக் கெடு முடிந்தது.

சாவடியில் காத்துக்கிடந்த லாரிகளின் பொழுது மிச்சமானதைப் பெரிய நன்மையாகவே நான் கருதுகிறேன். இ-வே பில் என்னும் மின்னணுச் சரக்குச் சீட்டு எடுத்த வண்டி இப்போது பொள்ளாச்சியில் கிளம்பி நேரே திருச்சூரில் இறங்குகிறது. ஆயினும் எல்லை மறைந்துவிடவில்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் 2019 ஆகஸ்டு முதல் இரண்டாண்டுகள் பல பண்டங்களின் மீது ஒரு சதவீத வெள்ள வரி வசூலித்தது. ஒரு சதவீதத்துக்காகச் சோப்புக் கட்டி வாங்கப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுபவர் யாருமில்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவர் சற்று யோசிப்பார்.

வரி வித்தியாசத்தைக் காட்டிலும் சர்க்கார்களின் செலவு வித்தியாசத்துக்கு இழுப்பு அதிகம். தமிழ்நாடு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசியை இலவசமாகவே வழங்கிவருகிறது. கிழக்கே விலையற்ற பண்டம் மேற்கே விலை பெறும்போது, அது மூட்டை மூட்டையாக எல்லையைக் கடக்காதிருந்தால்தான் ஆச்சரியம். ஏழையின் சோற்றுக்கென்று ஒரு சர்க்கார் செய்த செலவு, அடுத்த ராஜ்யத்து அரவை ஆலைக்காரனின் லாபமாகிறது. இதைத் தடுக்க இரு ராஜ்யங்களும் ஒரே மாதிரி செலவழித்தால் போதும் என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படியானால் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் தனித்தனிச் சட்டசபைகள் எதற்கு? மக்கள் வெவ்வேறு விதமாக ஆளப்பட விரும்பும் உரிமைக்கு இந்தக் கசிவும் ஒரு விலை என்று ஏற்றுக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த உரிமைக்கு இடமளித்து ராஜ்யங்களின் கையில் எஞ்சியிருக்கும் பெரிய வரிகள் பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதானவை. அவை சரக்கு சேவை வரிக்கு வெளியே நிற்கின்றன. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. ஈட்டுத்தொகை நின்று போன கேரளமோ, 2023 ஏப்ரல் முதல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக விதித்து, அதை முதியோர் முதலானோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியது. அப்போது அந்த ஓய்வூதியம் மாதம் 1,600 ரூபாய்.

கோவிந்தாபுரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். தாயார் ஓய்வூதியத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து பெறுகிறார். அதற்கென்று விதிக்கப்பட்ட வரி சேர்ந்த பெட்ரோலை வாங்காமல், மகன் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பங்கில் வண்டியை நிரப்பிக்கொண்டு வருகிறான்; அவன் கொடுத்த வரி சென்னைக்குப் போகிறது. இருவர் செய்வதும் சட்டத்துக்கு உட்பட்டதே, இருவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேரளத்து நிதியமைச்சர் மட்டும் அந்த வீட்டுக் கணக்கை வேறு விதமாகப் பார்ப்பார்.