மனநோயாளியைப் பேணுவோருக்கும் உரிமை உண்டு

 



சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டை அடுத்த நாகலூரில், சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். மனநோய்க்கு ஆளான வாலிப மகன் நள்ளிரவில் பணம் கேட்கிறான்; கொடுக்காவிட்டால் பாத்திரங்களை உடைக்கிறான்; காதுத் தோடும் அடகுக்குப் போய்விட்டது; உறங்கிப் பல நாட்களாயின என்று சொல்லி அழுதார். "சபூர் செய்யுங்கள் அம்மா, நானும் துஆச் செய்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

சில வாரங்களில் மீண்டும் வந்தார். இம்முறை அழவில்லை. "ஹஜ்ரத், இவனை எங்கேயாவது கொண்டுபோய்க் கட்டிப் போட்டுவிட்டு வந்துவிடலாமா?" என்று கேட்டார். பொறுமையைப் போதித்தது என் தவறன்று. அத்துடன் நிறுத்திக்கொண்டதே தவறு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அருமைச் சகோதரர்களே! கட்டிப் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் கண்ணால் கண்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கைக் கையிலெடுத்தது. இன்று, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் கூடாதென்று தடுக்கிறது.

அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தார் எல்லோரும் கல்நெஞ்சர்களா? அல்லர். எவ்வளவு தாங்குவது, எங்கே உதவி கேட்பது என்று சொல்வாரின்றி, தாங்கித் தாங்கி ஒடிந்துபோனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். வரம்பின்றிச் சுமப்பவர் ஒருநாள் சுமையையே கீழே போட்டுவிடுகிறார். ஆகவே, பேணுகிறவர் உரிய காலத்தில் வரம்பு வகுத்துக்கொள்வது அன்புக்கு எதிரானதன்று; அன்பு நெடுநாள் நீடிப்பதற்கான வழி அது.

மார்க்கம் என்ன சொல்கிறது? எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் இறுதி வசனம் தரும் ஆறுதல். அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனமோ, தம் பொருளை நிர்வகிக்க இயலாதவர்களின் கையில் பொருளை ஒப்படைப்பதைத் தடுக்கிறது. அதே மூச்சில், அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், கனிவாகப் பேசவும் பணிக்கிறது. எத்தகைய நுட்பம் பாருங்கள்! பணத்திற்கு வரம்பு உண்டு. சோற்றுக்கும் துணிக்கும் கனிவுக்கும் வரம்பு இல்லை.

புத்தி பேதலித்தவர் தெளிவடையும்வரை அவருடைய செயல்களை எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். அவர் மீது குற்றமில்லை. ஆயினும், அடி வாங்கிக்கொண்டே நிற்கவேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. வணக்கத்திலேயே மூழ்கிக் குடும்பத்தையும் உறக்கத்தையும் மறந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை, ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் உறங்கச் செய்து, இறைவனுக்கும் உமது ஆன்மாவுக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு, அவரவர் உரிமையை வழங்குவீராக என்று அறிவுறுத்தினார்கள். அதை நபி (ஸல்) அவர்களும் உண்மையென ஏற்றார்கள். வணக்கத்துக்கே இந்த அளவு என்றால், பணிவிடைக்கு இல்லாமலா போகும்?

நடைமுறையில் இதைச் செய்வது எப்படி?

நோயாளி அமைதியாக இருக்கும் வேளையில், சுருக்கமாகச் சொல்லுங்கள்: "சாப்பாடும் மருந்தும் எப்போதும் உண்டு, இரவில் பணம் கிடையாது, அடித்தால் நான் வெளியே போய்விடுவேன்." சொன்னதை வீட்டார் அனைவரும் ஒன்றுபோலக் கடைப்பிடியுங்கள். தாய் மறுத்ததைத் தந்தை கொடுத்தால் வரம்பு நிற்காது. அவர் காதில் கேட்கும் குரல்களைப் பொய்யென்று வாதிடவேண்டாம். உண்மையென்று ஒப்பவும் வேண்டாம். அரிவாளையும், தோட்டத்துப் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் முறை வைத்துப் பாருங்கள்; ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் வரம்பு பேசக்கூடாது. "செத்துப்போகிறேன்" என்று அவர் சொன்னால், அதை மிரட்டலென்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. பேணுகிறவர்களும் அதில் பேசலாம். ஆபத்து நேரத்தில் 108ஐ அழையுங்கள்.

மருந்தா, துஆவா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும்தான். நோயை இறக்கிய இறைவன் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

அந்தத் தாயை இம்முறை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஜமாஅத்தார் இருவர் துணைக்குச் சென்றனர். இருபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மகனை அழைத்துச் சென்றோம். அவன் முழுமையாகக் குணமடைந்துவிட்டான் என்று சொல்லமாட்டேன். மருந்தை நிறுத்தும் மாதங்களும் வருகின்றன. அந்நாட்களில் பக்கத்து வீட்டுக் கதவு அத்தாய்க்காகத் திறந்திருக்கிறது. இப்போது அவர் உறங்குகிறார்; மகனும் அதே வீட்டில், அவர் கையால் சோறு உண்கிறான்.

வாசகப் பெருமக்களே! உங்கள் மஹல்லாவிலும் இப்படியொரு வீடு இருக்கும். "பொறுத்துக்கொள்" என்று வாசலில் நின்று சொல்வதைவிட, உள்ளே சென்று ஓர் இரவு துணை இருங்கள்.

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், பேணுவோருக்கு உடல் வலுவையும், நமக்கு அவர்களுக்குத் தோள்கொடுக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.