தயிர்சாதமா, சிக்கனா? நாயோட தட்டுல எது குறையுது?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. ஐயங்கார்குளத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். தெரியாதவங்களுக்கு: காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல, சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் எழுந்தருள்ற நடவாவிக் கிணறு இருக்கிற ஊர் அது.

அவர் சொன்னது இதுதான்: "ப்ரோ, எங்க மணிக்கு ரெண்டு வயசு, 15 கிலோ, கருத்தடை பண்ணியாச்சு. அம்மா எப்பவும் தயிர்சாதம்தான் போடுவாங்க. நாய்க்குச் சோறு விஷம்னு ஒரு வீடியோ பார்த்துட்டு, ஒரு மாசமா வெறும் போன்லெஸ் சிக்கன் போடுறேன். அம்மாவுக்கும் எனக்கும் தினமும் சண்டை. அடுத்த வாரம் ஒரு குட்டியும் வருது. அதுக்கும் இப்படியே போடலாமா?"

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயமா இருந்தது. ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி சோத்தோட கேஸை முடிச்சிடுவோம்.

சோறு விஷமா?

இல்ல. நாய் ஓநாயோட வம்சம்தான். ஆனா மனுஷனோட வாழ்ந்த ஆயிரக்கணக்கான வருஷத்துல அதோட உடம்பு மாறியிருக்கு. மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான ஒரு மரபணு ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான். நாய்க்கு 4-லேர்ந்து 30 வரைக்கும் இருக்குன்னு சுவீடனோட உப்சாலா பல்கலைக்கழகக் குழு 2013-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அதாவது, நல்லா வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். அம்மா பக்கம் ஒரு பாயின்ட்.

"எங்க தாத்தா காலத்துல நாய் கஞ்சி குடிச்சுதான் வளர்ந்துச்சு"ன்னு எல்லா வீட்லயும் சொல்வாங்க. உண்மைதான். ஆனா அந்த நாய் கட்டிப் போட்ட நாய் இல்ல. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாமே வேட்டை நாய்ங்க. வீட்ல கஞ்சி குடிச்சாலும் காட்டுல முயல், எலின்னு பிடிச்சுத் தின்னும். தட்டுல இல்லாததை வெளியில தேடிக்கிச்சு. இப்போ முயல் வேட்டை சட்டப்படி குற்றம், நாயும் கேட்டுக்குள்ள. கஞ்சி மட்டும் தங்கிடுச்சு, மீதி எல்லாம் தட்டுல இருந்து காணாம போயிடுச்சு.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நம்ம ஆளுங்களுக்குக் கணக்கு போட்டாத்தான் நம்பிக்கை வரும். கால்குலேட்டர் எடுங்க. நாயோட எடையை மூணு தடவை பெருக்குங்க: 15 × 15 × 15. வர்றதுக்கு ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுங்க. 7.6 வரும். அதை 70-ஆல பெருக்கினா ஏறக்குறைய 530 கலோரி. சும்மா படுத்திருந்தாலே மணிக்கு அவ்வளவு வேணும். கருத்தடை பண்ணின, வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல பெருக்குவாங்க. ஆக, ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி. இது ஆரம்பப் புள்ளிதான். எடை ஏறுதா இறங்குதான்னு பார்த்து மாத்திக்கணும்.

இந்த 850-ஐ தயிர்சாதத்துலயே நிரப்பினா? அரை கிலோ சோறு, 300 கிராம் தயிர். கலோரி சரியா வந்துடும். ஆனா புரதம் சுமார் 24 கிராம்தான் வரும். நாய்த் தீனிக்கு அமெரிக்காவுல பயன்படுத்துற ஆஃப்கோ அளவுகோல்படி மணிக்குக் குறைஞ்சது 38 கிராம் வேணும். வயிறு நிறையுது, வால் ஆடுது, ஆனா தசைக்கு வேண்டியது வரல. ரோமம் மங்குறது, தசை வத்துறது எல்லாம் மெதுவா நடக்கும். அதனால யாரும் சாப்பாட்டை சந்தேகப்பட மாட்டாங்க.

வெறும் சிக்கன்தான் பெரிய ஆபத்து

இப்போ தம்பி பக்கம். போன்லெஸ் சிக்கன்ல புரதம் கொட்டிக் கிடக்கு. பிரச்சினை கால்சியம். 100 கிராம் கறியில பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் கிட்ட இருக்கும், கால்சியம் 15-தான். நாய்க்கு இந்த ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணாவது இருக்கணும், இல்ல கால்சியம் கொஞ்சம் கூடுதலா இருக்கணும். இங்கே பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு மேல.

உடம்பு என்ன பண்ணும்? ரத்தத்துல கால்சியம் குறையக் கூடாதுன்னு எலும்புல இருந்து எடுக்கும். வளர்ந்த நாய்க்குச் சேமிப்பு இருக்கு, கொஞ்ச நாள் தாங்கும். குட்டிக்கு எலும்பே இப்போதான் உருவாகுது. வெறும் கறியில வளர்ற குட்டி நொண்ட ஆரம்பிக்கும், கால் வளையும், திண்ணையில இருந்து குதிச்சாலே எலும்பு முறியலாம். கால்நடை மருத்துவத்துல ரொம்பக் காலமா தெரிஞ்ச நோய் இது. பாசமா, காசு செலவு பண்ணி, நல்ல கறி வாங்கிப் போட்டே குட்டியை நொண்டியாக்கிட முடியும். எனக்குப் பயம் வந்தது அதனாலதான்.

அதனால தம்பி, குட்டிக்கு வெறும் கறி வேண்டாம். அதுக்காகக் கால்சியம் மாத்திரையை அள்ளியும் போடாதீங்க. கால்சியம் கூடினாலும் குட்டியோட எலும்பு வளர்ச்சி கெடும், முக்கியமா பெரிய இன நாய்களுக்கு. ஒரு வயசு வரைக்கும் குட்டிகளுக்குன்னே இருக்கிற, 'முழுமையான, சமச்சீர் உணவு'ன்னு போட்ட தீனி பாதுகாப்பானது. வீட்டுச் சாப்பாடுதான்னா, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுப்படி மட்டும்.

அப்போ மணியோட தட்டுல என்ன இருக்கணும்?

ஒரு நாளைக்கு, ரெண்டு வேளையா பிரிச்சு: வெந்த சோறு 300 கிராம், எலும்பும் தோலும் எடுத்து வேகவெச்ச சிக்கன் 150 கிராம், ஒரு வெந்த முட்டை, தயிர் 100 கிராம், கொஞ்சம் பூசணி, கேரட் மாதிரி வெந்த காய். கலோரி 820 கிட்ட வரும், புரதம் 50 கிராம் தாண்டிடும். கால்சியத்துக்கு முட்டை ஓட்டைக் கழுவி, காயவெச்சு, மிக்சியில நைஸா அரைச்ச பொடி அரை டீஸ்பூன். அதுல சுமார் 1 கிராம் கால்சியம் இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் சிக்கனுக்குப் பதிலா முள் எடுத்த மத்தி மீன் போடலாம்.

இதுவும் முழுமை இல்ல. டேவிஸ்ல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்க நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 95 சதவீதத்துல ஒரு சத்தாவது குறைஞ்சது. துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ மாதிரி சத்தெல்லாம் சோறும் கறியும் கலந்தா தானா வந்துடாது. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல மாட்டுக்கு மட்டும் இல்ல, நாய்க்கும் பார்ப்பாங்க. மணியைக் கூட்டிட்டுப் போய், என்ன போடுறீங்கன்னு கிராம் கணக்கோட சொல்லி, சேர்க்க வேண்டிய வைட்டமின், தாதுக் கலவையைக் கேளுங்க. பழைய சாப்பாட்டுல இருந்து புதுசுக்கு ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. இல்லன்னா வயிறு போகும்.

இதெல்லாம் கண்டிப்பா வேண்டாம்

வெங்காயம், பூண்டு: ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அதனால மீந்த சாம்பார், குழம்பு, பிரியாணி எதுவும் கூடாது. வேகவெச்ச எலும்பு: கூரா உடைஞ்சு குடலைக் குத்தும். சாக்லேட், சைலிட்டால் போட்ட சுகர்ஃப்ரீ சூயிங்கம்: உயிருக்கே ஆபத்து.

நம்ம ஊர்ல யாரும் நினைச்சே பார்க்காதது, உலர் திராட்சை. சில நாய்களுக்குக் கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். கோயில் ஊர், சர்க்கரைப் பொங்கல் வீட்டுக்கு வரும். "பிரசாதம்தானே, அதுக்கும் ஒரு வாய்"னு யாராவது வெச்சிடுவாங்க. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. தெரியாம தின்னுடுச்சுன்னா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.

பிஸ்கட், ஸ்நாக்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அளவு சரியான்னு பார்க்க கையே போதும். விலாவைத் தடவினா எலும்பு சுலபமா தட்டுப்படணும், மேலேர்ந்து பார்த்தா இடுப்பு தெரியணும். சிப்பிப்பாறை மாதிரி நாய்க்கு விலா லேசா வெளியில தெரியறதே இயல்பு. "எலும்பும் தோலுமா இருக்கே"ன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்கன்னு கூடுதலா போடாதீங்க.

சோறா கறியாங்கிற சண்டையில ரெண்டு பேருமே ஒரே ஒரு பொருளைத்தான் தட்டுல வைக்கிறாங்க. கேட்க வேண்டிய கேள்வி, "இந்தத் தட்டுல என்ன குறையுது?" தம்பி, அம்மா போட்ட சோறும் தயிரும் அப்படியே இருக்கட்டும். நீங்க வாங்கின சிக்கனை அது மேல வைங்க. முட்டை ஓட்டை யார் அரைக்கிறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க.

உங்க வீட்டு நாய் இன்னைக்கு என்ன சாப்பிட்டுச்சு? கிராம் கணக்கோட வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பூனைக்கு வருவோம், அது வேற கதை. வரட்டுமா, மக்களே!