பட்டியல் எந்த ஆபீசில் இருக்கவேண்டும்?

(திருப்போரூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயக் கூலிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம், சிறுசேரி, நாவலூர் என்று வடக்கே போகும் சாலையின் இருபுறமும் மாடிக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. சாரம் கட்டியவர்களிலும் கலவை சுமந்தவர்களிலும் பீஹார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளிகள் ஏராளம். தகரக் கொட்டகையில் அவர்கள் வாசம். ஊரில் ஒரு சைக்கிள் காணாமற் போனால் முதல் பார்வை அந்தக் கொட்டகையின் மேல்தான் விழுகிறது. “போலீஸ் இவர்களைப் பதிவு செய்து கண்காணித்தால் களவு குறையும், நமக்கும் வேலை கிடைக்கும்” என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

2012இல் இதே சாலையில் உள்ள பெருங்குடியிலும், பிறகு கீழ்க்கட்டளையிலும் வங்கிகளில் கொள்ளை நடந்தது. பிப்ரவரி 23ந் தேதி வேளச்சேரியில் ஒரு வீட்டில் வடநாட்டார் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அவர்கள்தாம் கொள்ளைக்காரர் என்றது போலீஸ். கோர்ட்டு விசாரித்துச் சொல்லவில்லை. அதையொட்டி, வாடகைக்குக் குடியிருப்போர் விவரத்தை வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கவேண்டும் என்று சென்னைப் போலீஸ் உத்தரவு போட்டது. சந்தேகம் ஐந்து பேர் மேல், பட்டியலோ ஊருக்கே!

வந்தவர்கள் அந்நியர்களா? இல்லை. இந்தியாவில் எங்கும் சென்று குடியிருக்க அரசியல் சட்டத்தின் 19வது ஷரத்து நமக்குத் தரும் அதே உரிமை அவர்களுக்கும் உண்டு.

சரி, களவாவது குறையுமா? போலீஸுக்குப் பயந்தவன் கண்ணால் கண்ட திருட்டையும் சொல்லமாட்டான். தன் கூலியையே மேஸ்திரி பிடித்துக்கொண்டாலும் ஸ்டேஷன் வாசலை மிதிக்கமாட்டான். திருடனுக்கும் மேஸ்திரிக்கும் இதைவிட என்ன வேண்டும்!

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2008 முதல் 2013க்குள் மாவட்டம் மாவட்டமாக, உள்ளூர்ச் சிறைக்கு வந்த ஒவ்வொருவர் கைரேகையையும் குடியேற்ற இலாகாவுக்கு அனுப்பினார்கள். நாலு லட்சத்துக்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? குற்ற விகிதத்தில் சொல்லத்தக்க குறைவு இல்லை. உள்நாட்டானுக்கு வேலை பெருகவும் இல்லை. அவனுக்கும் வேலை குறைந்தது. சித்தாள் இல்லாத இடத்தில் கொத்தனாருக்கு ஏது வேலை? நாற்றுப் பறிக்க ஆளில்லாவிட்டால் நடவு நடக்குமா? அந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல.

கைரேகைப் பட்டியல் நமக்கும் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரால் ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ந் தேதி வெள்ளை சர்க்காரின் போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். கடல் கடந்த நம்மவர் கதையும் அப்படித்தான். இலங்கையில் 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் தோட்டத்திலேயே பிறந்த தமிழனையும் நாடற்றவனாக்கியது. “கள்ளத்தோணி” என்று ஏசினார்கள். அந்த வசையை நாம் இங்கே இன்னொரு தொழிலாளி மேல் வீசுவதா?

பட்டியலே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அது தொழிலாளர் இலாகாவில் இருக்கட்டும் என்கிறோம். 1979இல் பாராளுமன்றம் செய்த சட்டம், வெளி மாநிலத் தொழிலாளியின் பெயரைக் காண்ட்ராக்டர் பதியவேண்டும், பாஸ்புக் தரவேண்டும், இடம்பெயர்வுப் படி தரவேண்டும் என்றது. ஏட்டில் இருந்த அளவு கொட்டகையில் இல்லை. 2014 ஜூன் 28ந் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திரா, ஒடிசாத் தொழிலாளிகள் பலர். 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வந்தபோது பழைய சட்டம் போயிற்று. இடம்பெயர்வுப் படியும் கூடவே போயிற்று. கண்காணிக்க ஆள் உண்டு, படி கொடுக்கத்தான் ஆள் இல்லை!

பயந்தவன் பாதிக் கூலிக்கு உழைப்பான். அந்தப் பாதிக் கூலியைக் காட்டித்தான் நாளை உங்கள் கூலியையும் வெட்டுவான் காண்ட்ராக்டர். 2023 மார்ச்சில் பீஹார் தொழிலாளிகள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பலர் அஞ்சி ரயிலேறினார்கள். அதனால் நம்மில் எவருக்குக் கூலி உயர்ந்தது?

ஆகவே கிளைத் தோழர்கள் கொட்டகைகளுக்குப் போகவேண்டும். என்ன கூலி, எவ்வளவு பாக்கி, எந்தக் காண்ட்ராக்டர் என்று கேட்டு எழுதி, தொழிலாளர் இலாகாவுக்கு மனுக் கொடுக்கவேண்டும். சங்கத்தில் சேர்க்கவேண்டும். இந்தி தெரிந்த தோழர் ஒருவர் வேண்டும். ஒடியா தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. இருந்தால் கூட்டம் கலையுமுன் பெயர் கொடுங்கள்.