எழுத்து இரண்டாகத் தெரிகிறதா?

(நமது ஜமாஅத்தின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண் பரிசோதனை முகாம்களில் பெற்றோர் எம்மிடம் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. "பையன் புத்திசாலிதான், ஆனால் புத்தகத்தை எடுத்தால் கால்மணி நேரம்கூட உட்காருவதில்லை" என்பர். ஓதும்போது வரி தவறுகிறது என்று மக்தப் உஸ்தாதும் கூறுவார். முடிவில் சோம்பேறி என்னும் பட்டமும், சில வீடுகளில் அடியும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன.

இத்தகைய சிறுவன் ஒருவனை, 'கண்ணில் குறையில்லை' என்று எழுதி நாமே ஒருமுறை திருப்பி அனுப்பினோம். ஆறு மீட்டர் தொலைவிலிருந்த பலகையைக் கடைசி வரிவரை அவன் தடையின்றிப் படித்துவிட்டான். மறு ஆண்டு அவனுடைய தாயார் மீண்டும் அழைத்து வந்தபோதுதான், "படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிகிறதா?" என்று கேட்டோம். "எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?" என்றான் அவன். முதலாண்டிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தொலைவில் பார்ப்பதும் அருகில் படிப்பதும் கண்ணுக்கு ஒரே வேலையன்று. அருகிலுள்ள எழுத்தைக் காண, கண்ணினுள் இருக்கும் தசை சுருங்கி விழியாடியைத் தடிக்கச் செய்யவேண்டும். அதே நேரத்தில் இரு விழிகளும் மூக்கை நோக்கித் திரும்பவேண்டும். இவற்றுள் எது தளர்ந்தாலும் எழுத்து மங்கும், இரட்டிக்கும், நகர்வதுபோல் தோன்றும், தலை வலிக்கும். சில பிள்ளைகள் ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படிப்பது இதனால்தான். தமிழகப் பள்ளிச் சிறார்களிடம் நடத்தப்பெற்று 2017-இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இத்தகைய குறைகளில் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. நாம் அதனைப் படித்தபோது அச்சிறுவனே நினைவுக்கு வந்தான்.

முதலில் சொட்டு மருந்திட்டுக் கண்ணின் பவரை அளந்து, வேண்டுமாயின் கண்ணாடி அணிவிக்கவேண்டும். அதன் பின்னரே பார்வைப் பயிற்சி. நீண்ட நூலில் கோத்த மூன்று வண்ண மணிகளை ஒவ்வொன்றாக நோக்குதல், பவர் மாறும் வில்லைகள் வழியே சிற்றெழுத்துகளைப் படித்தல் ஆகியன அதில் அடங்கும். அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரையுள்ள, விழி குவிதல் குறைந்த 221 சிறாரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. 12 வாரங்கள், வாரம் ஒருமுறை நிபுணரிடமும் மற்ற நாள்களில் வீட்டிலும் பயின்றவர்களில் 73 விழுக்காட்டினர் தேறினர். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொணர்ந்து நோக்கும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் தேறியோர் 43 விழுக்காடு. பெயரளவுப் பயிற்சி பெற்றவர்களிலும் 35 விழுக்காடு. ஆகவே பென்சில் ஒன்றையே நம்பி இருந்துவிடலாகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். இப்பயிற்சி டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாட்டை நீக்கும், மதிப்பெண்ணை உயர்த்தும் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடாதீர்கள். 2019-இல் வெளியான தொடர் ஆய்வில், படித்துப் பொருளுணரும் திறன் பெயரளவுப் பயிற்சி பெற்றோரைவிடக் கூடுதலாக வளரவில்லை. கண்ணின் களைப்பை நீக்குவதே இதன் பணி. திடீரென மாறுகண்ணோ இரட்டைப் பார்வையோ ஏற்பட்டால், பயிற்சியைத் தேடாமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அடுத்த முகாமிற்கு வரும்போது பிள்ளையின் பாடப்புத்தகம் ஒன்றையும் கொண்டு வாருங்கள். பலகையோடு அதனையும் படிக்கச் செய்து பார்ப்போம். முன்னர்க் கூறிய சிறுவன் பயிற்சியை முடித்துவிட்டான். இப்போது தலைவலி என்று சொல்வதில்லையாம். கணக்குப் பாடம் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை என்கிறார் அவனுடைய தாயார்.